மார்ச்சுக்கு முந்நூற்று நாற்பது பேர்

கலுகல்லை மறியற்சாலை,
கண்டி.
14.9.1930

அன்புள்ள தங்கச்சி ரபீகாவுக்கு நானா ஸெய்னுலாப்தீன் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உன் மாமிக்கு முழங்கால் வலி இறங்கியதா, மகள் கைரியா ஒழுங்காக ஓதப் போகிறாளா என்று எழுது. மஹ்ரூப் மச்சானும் சுகம். இன்று காலை அவர் வாசல் காவலில் நின்றார். உனக்குக் கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். "நான் நல்லா ஈக்கிறன் எண்டு எழுதுங்க, வேற என்னத்த" என்றார். எழுதிவிட்டேன்.

உன் புருஷன் ஏன் ஐந்து வாரமாகத் திகன வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டிருந்தாய். இந்த மறியல் நூற்றெண்பது கைதிகளுக்குக் கட்டியது. இன்று காலை பெயர் இடாப்பில் இருநூற்று முப்பத்தொரு பேர். காவலர் இருபத்தாறு பேர்தான். ஆள் கூடினால் காவலரின் லீவை நிறுத்துவார்கள். அதற்குப் பிறகுதான் கொழும்புக்கு எழுதுவார்கள். கொழும்பு காவலரை அனுப்பும்போது இங்கே கூட்டம் குறைந்திருக்கும். நான் கிளாக்கராக வந்த எட்டு வருடமும் இதையே பார்க்கிறேன்.

ஆகவே ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். பத்து வருடத்து இடாப்புகளை அலுமாரியிலிருந்து இறக்கி, எந்த மாதம் எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பகுதியிலிருந்து, என்ன குற்றத்துக்கு என்று பிரித்து எழுதுகிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் திருடருமில்லை, கொலைகாரருமில்லை. விறகு வெட்டியதற்கோ சாராயம் வைத்திருந்ததற்கோ கோர்ட்டில் போட்ட தண்டத்தைக் கட்ட இயலாமல் இரண்டு மூன்று வாரம் இருந்துவிட்டுப் போகிறவர்கள். இவர்களின் வரவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினால், ஆறு வாரம் கழித்து இங்கே கூடுகிறது. மழையில்லாத மாதங்களில் இன்னும் கூடுகிறது. 1921இல் விலை விழுந்தபோது நடந்தது அட்டவணையில் அப்படியே தெரிகிறது. இந்த வருடமும் விலை அதே மாதிரி விழுகிறது.

என் கணிப்பு இது: வருகிற மார்ச்சில் இங்கே முந்நூற்று நாற்பது பேர் இருப்பார்கள். அதற்கு இன்னும் பத்தொன்பது காவலர் வேண்டும். அதுவும் ஜனவரியிலேயே வரவேண்டும்.

மச்சான்தான் இதில் பாதி வேலை செய்தவர். ஒரு வார்டுக் கதவைத் திறந்து, ஆட்களை எண்ணி, தண்ணீர் கொடுத்து, திரும்பப் பூட்ட எத்தனை நிமிடம் என்று நின்று பார்த்துச் சொன்னார். எந்தக் கதவையும் இரண்டு காவலர் நின்றால்தான் திறக்கலாம் என்பது இங்கே சட்டம். ஆட்களின் தொகையைவிடக் கதவுகளின் தொகையைப் பாருங்கள் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். புதிதாக வந்திருக்கும் சுப்பிரிண்டன் துரையிடம் காட்டினேன். எழுதி முடித்துக் கொண்டுவா என்றார்.

நோன்புப் பெருநாளுக்கு மச்சான் வீட்டில் இருப்பார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். மாமிக்கும் பிள்ளைக்கும் என் ஸலாம்.

நானா
ஸெய்னுலாப்தீன்


திகன
2.10.1930

மதிப்புக்குரிய நானாவுக்குத் தங்கச்சி ரபீகா எழுதுவது. உங்கள் மீது ஸலாம் உண்டாவதாக. அல்லாஹ்வின் உதவியால் எல்லோரும் சுகம். மாமி இப்போது எழும்பி நடக்கிறார். கைரியா குர்ஆனில் மூன்றாம் ஜுஸ்உ ஓதுகிறாள். நான் அரபு எழுத்தில் தமிழ் எழுதுவதால் உங்கள் கந்தோரில் யாராவது உடைத்துப் பார்த்தாலும் விளங்காது. அந்தத் துணிவில் எழுதுகிறேன்: எனக்கு மாதம் மூன்று. உங்கள் மச்சானுக்கு இன்னும் சொல்லவில்லை, அவர் வந்தால்தானே. நீங்களே சொல்லிவிடுங்கள்.

தோட்டங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பன்வில ரோட்டில் கடை வைத்திருக்கும் முஹைதீன் மாமா நேற்று வந்தார். மேலே இரண்டு தோட்டங்களில் நாற்பது குடும்பங்களுக்கு, இனி வேலை இல்லை என்று துண்டு கொடுத்துவிட்டார்களாம். செப்டம்பர் இருபதாம் தேதி ஒன்று, இருபத்தேழில் ஒன்று. உங்கள் அட்டவணைக்கு உதவும் என்று தேதியையும் கேட்டு வைத்தேன். இன்னொரு தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலையாம்.

நீங்கள் எழுதியதை வாசித்த பிறகு எனக்கு ஒரே யோசனை. அந்த முந்நூற்று நாற்பது பேரில் அநேகம் பேர் இன்று எங்கே இருக்கிறார்கள்? அவர்கள் இன்னும் ஒரு குற்றமும் செய்யவில்லையே. தங்களை ஒருவர் மார்ச்சுக்கு எண்ணி வைத்திருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. இப்படி எண்ணலாமா என்று கேட்கவில்லை. எண்ணினால்தான் காவலர் வருவார்கள், காவலர் வந்தால்தான் அவருக்கு லீவு என்று எனக்கு விளங்குகிறது.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமி உங்களுக்குத் துஆச் செய்கிறார்.

தங்கச்சி
ரபீகா


கலுகல்லை
16.11.1930

அன்புள்ள ரபீகா, உனக்கும் வீட்டாருக்கும் என் ஸலாம். நான் சுகம். நீ எழுதிய செய்தியை மச்சானிடம் சொன்னேன். "அவளப் பாரம் தூக்க வேணாம் எண்டு எழுதுங்க" என்றார்.

நீ அனுப்பிய தேதிகள் உதவின. நீ கேட்ட கேள்விக்குப் பதில்: அவர்கள் தங்கள் தோட்டத்து லயவீடுகளில் இருக்கிறார்கள். எனக்கு அவர்களின் பெயர் தெரியாது, தொகைதான் தெரியும்.

அறிக்கை சென்ற செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போய்விட்டது. துரையின் யோசனைப்படி சில இடங்களைத் திருத்தினேன். டைப் அடித்த பிறகு பார்க்க அழகாக இருந்தது. கீழே துரையின் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கின்றன. இப்படி ஒரு வேலையை இந்த இலாகாவில் இதுவரை எவரும் செய்ததில்லை என்றார். தலைமைக் கிளாக்கர் பதவிக்கு என் பெயரை எழுதப்போகிறாராம்.

இங்கே நல்ல மழை. உனக்குக் கம்பளிச் சால்வை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஆள் கிடைத்தால் அனுப்புவேன்.

நானா
ஸெய்னுலாப்தீன்


திகன
18.1.1931

நானாவுக்கு ரபீகாவின் ஸலாம். உங்கள் சுகத்தை எழுதுங்கள். நாங்கள் சுகம். நாளை மறுநாள் தலைநோன்பு. எனக்கு நோன்பு பிடிக்க இயலாது என்று மாமி சொல்லிவிட்டார்.

சால்வை கிடைத்தது. கடிதத்தைத்தான் காணவில்லை. போன கடிதத்திலும் நீங்கள் ஒன்றை எழுத மறந்துவிட்டீர்கள். பத்தொன்பது பேர் கேட்டீர்களே, எத்தனை பேர் வந்தார்கள்?

உங்கள் மச்சான் டிசம்பரில் ஒரு நாள் வந்தார். வந்தவர் பகல் முழுக்கத் தூங்கினார். தூக்கத்தில் விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினார். எழும்பியதும் சோறு போட்டுக்கொண்டே மறியலில் எப்படி என்று கேட்டேன். "ஒங்கட நானாட கணக்கு சரியாப் போகுது" என்றார். அப்படியென்றால் நல்லதுதானே என்றேன். "மார்ச் இன்னம் வரல்லியே" என்றார். கைரியா அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பெருநாளுக்கு அவரை அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். பிள்ளைக்கு அதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கச்சி
ரபீகா


கலுகல்லை
20.2.1931

அன்புள்ள தங்கச்சிக்கு, நானாவின் பெருநாள் வாழ்த்தும் ஸலாமும். நான் சுகம். மச்சானும் சுகம். பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வர அவருக்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். சேர்ந்துதான் தொழுதோம்.

லீவு கிடைக்கவில்லை. யாருக்கும் இல்லை. இன்று காலை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். கைரியாவிடம் என் பேரில் குற்றத்தைப் போட்டுவிடு.

கொழும்பிலிருந்து நால்வர் வந்தார்கள். கேட்டதற்கு அதிகம் குறையவில்லை என்று துரைக்குத் திருப்தி. கிணறு கீழே போய்விட்டது. ஆற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் வருகிறது. வார்டுகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் படுக்க இடமில்லாததால் முறை வைத்துப் படுக்கிறார்கள். காவலர் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார்கள். மழை வந்தால் எல்லாம் சரியாகும்.

மாமிக்கு என் ஸலாம். நீ மருத்துவிச்சியைப் பார்த்தாயா?

நானா
ஸெய்னுலாப்தீன்


கலுகல்லை
12.3.1931

அன்புள்ள ரபீகாவுக்கு ஸலாம். நீ பயப்பட ஒன்றுமில்லை என்பதை முதலில் எழுதுகிறேன். திங்கட்கிழமை வேலை நேரத்தில் மச்சானுக்கு முகத்தில் ஒரு காயம் பட்டது. கண்டி ஆசுபத்திரியில் நன்றாகக் கவனிக்கிறார்கள். பேசுகிறார், சாப்பிடுகிறார். நீ இந்த நிலையில் பஸ்ஸில் வரக்கூடாது. நான் தினமும் போய்ப் பார்க்கிறேன். சுகமானதும் நானே வீட்டுக்குக் கூட்டிவருவேன்.

ஸெய்னுலாப்தீன்


திகன
29.3.1931

நானாவுக்கு ரபீகா எழுதுவது. ஸலாம். இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

நேற்று லுஹர் தொழுது முடித்த நேரம் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். காலெல்லாம் புழுதி. "ஜெயில்ல கண்ணு போன ஐயா வீடு இதுதானுங்களா?" என்று கேட்டாள்.

நான் இல்லை என்றேன். வீடு மாறி வந்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் நகரவில்லை. "முஹைதீன் மொதலாளி கடையில கேட்டேங்க. மஹ்ரூப் ஐயா வீடுன்னு இதத்தான் காட்டுனாங்க" என்றாள்.

நானா, என் புருஷனுக்கு ஒரு கண் இல்லை என்பதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் பெயர் வீரம்மா. பன்வில பக்கத் தோட்டம். விடியற்காலை புறப்பட்டு நடந்தே வந்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். தேத்தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தேன். ரொட்டியைத் தொடவில்லை. அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நீங்கள் எழுதாமல் விட்டது அது.

"எம் புருசன் கறுப்பையாதாங்க அந்த வாளியப் புடிச்சிருந்தது. தோட்டத்துல துண்டு குடுத்துட்டாங்க. வெறகு வெட்டுனதுக்கு மூணு வாரம் உள்ள போட்டாங்க. போன மாசம் வெளிய வந்தாரு, ரெண்டாந்தடவையும் வெட்டி உள்ள போயிட்டாரு, வேற என்னங்க செய்றது. அன்னைக்கு அந்த அறையில எம்பத்தெட்டுப் பேருங்களாம். முந்தின நாள் பொழுது சாஞ்சதுலேருந்து குடிக்கத் தண்ணி இல்ல. கதவத் தொறக்க ரெண்டு பேரு வேணுமாம், ஒருத்தரு கோர்ட்டுக்குப் போயிட்டாராம். உள்ள ஒரு வயசாளி மயங்கி விழுந்துட்டாரு. ஒங்க ஐயா மூணு தடவ ஆளக் கூப்பிட்டுப் பாத்திருக்காரு. யாரும் வரலன்னதும் ஒத்தையில தொறந்து, வாளியத் தூக்கி உள்ள குடுத்தாரு. எல்லாரும் வுழுந்தடிச்சு வந்தாங்க. இவரு வாளியப் புடிச்சாரு, பின்னால தள்ளுனதுல வாளி மேல வந்து ஐயா மொகத்துல அடிச்சிருச்சு. அடிக்கணும்னு அடிக்கலங்க. இப்ப காவக்காரரத் தாக்குனாருன்னு ரெண்டு வருசம்னு சொல்றாங்க. ஐயா ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு கேட்க வந்தேங்க."

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டாள். பிறகு அவளே எழும்பிப் போய்க் குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துவந்து எனக்குத் தந்தாள். போகும்போதுதான் ரொட்டியை முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களாம்.

இன்று காலை முஹைதீன் மாமாவோடு கண்டி ஆசுபத்திரிக்குப் போய் உங்கள் மச்சானைப் பார்த்துவிட்டு வந்தேன். கதவை ஒற்றையாகத் திறந்த குற்றத்துக்கு விசாரணை வைத்துத் தன்னை வேலையிலிருந்து நீக்கப்போகிறார்கள் என்றும், இத்தனை ஆள் வரும் என்று ஒருவருக்கும் முன்கூட்டித் தெரியாது என்று துரை எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார்.

முன்கூட்டித் தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் எழுதிய கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. முந்நூற்று நாற்பது, பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதுக்கு என்ன நடந்தது, நானா?

ரபீகா


கலுகல்லை
17.5.1931

அன்புள்ள ரபீகாவுக்கு ஸலாம். ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி உனக்கு ஆண் பிள்ளை கிடைத்ததையும் இருவரும் சுகம் என்பதையும் முஹைதீன் மாமா சொல்லி அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ். ஏழு வாரமாக உனக்குப் பதில் எழுதவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

நவம்பரில் அறிக்கையைத் துரையிடம் கொடுத்தபோது அவர் முதல் பக்கத்தை மட்டும் வாசித்தார். "முந்நூற்று நாற்பதா? கொழும்பில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்கள் கிளாக்கர் மை போட்டுப் பார்த்தாரா என்று கேட்பார்கள். இருநூற்றைம்பதுக்கு மேல் ஒருவரும் நம்பமாட்டார்கள்" என்றார். தொகையைக் குறை என்று அவர் சொல்லவில்லை. தாளைத் திருப்பித் தந்தார், அவ்வளவுதான்.

நான் மேசைக்குத் திரும்பிப் போய் 1921ஆம் வருடத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். விலை விழுந்த வருடம் அது ஒன்றுதான். அது இல்லாவிட்டால் மற்ற வருடங்களெல்லாம் சாதுவான வருடங்கள். கூட்டிப் பார்த்தபோது இருநூற்றைம்பத்து நாலு வந்தது. இருநூற்றைம்பது என்று போட்டேன். இருநூற்றைம்பது பேருக்கு மேலதிகமாக ஏழு காவலர் போதும். ஏழு கேட்டோம், நாலு தந்தார்கள். இந்த வேலைக்கு ஒரு மணி நேரம்கூட எடுக்கவில்லை.

இன்னொன்றையும் எழுதவேண்டும். மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஆறரைக்கு இடாப்பை எண்ணினேன். முந்நூற்று முப்பத்தேழு. என் முதல் கணிப்புக்கும் அதற்கும் மூன்று பேர்தான் வித்தியாசம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. துரையிடம் எப்படிச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே தேத்தண்ணீர் குடித்தேன். பத்து மணிக்கு மச்சானைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வீரம்மா சொன்னதில் ஒரு பிழையுமில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்று: ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறுகையால் கதவைப் பூட்டிவிட்டுத்தான் மச்சான் விழுந்தார். ஒருவரும் ஓடப் பார்க்கவில்லை. வாளியும் உள்ளேதான் இருந்தது.

விசாரணை மே நாலாம் தேதி. கொழும்பிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மச்சானை முதலில் கூப்பிட்டார்கள். அடித்தது யார் என்று கேட்டதற்கு, "ஒருத்தரும் அடிக்கல்ல. வாளி பட்டது" என்றார். எத்தனை விதமாகக் கேட்டும் அதையேதான் சொன்னார். பிறகு துரை அறிக்கையைக் காட்டி, எதிர்பார்த்தது இருநூற்றைம்பது பேர் மட்டுமே, வந்தது எதிர்பாராதது, ஆகவே காவலர் சட்டத்தை மீறியதற்கு இலாகா பொறுப்பல்ல என்றார். அதில் இருப்பது என் கையெழுத்துதானா என்று கேட்க என்னைக் கூப்பிட்டார்கள். ஆம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் முதல் பிரதியையும் எடுத்து மேசையில் வைத்தேன்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள். யார் குறைத்தது என்று கேட்டார்கள். நான் என்றேன். மேலதிகாரி கட்டளையிட்டாரா என்றார்கள். இல்லை, சிரிப்பார்கள் என்றார் என்றேன். துரை யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் சிரிக்கவில்லை.

முடிவு இன்னும் வரவில்லை. என்னைப் பற்றி ஒன்றும் நினைக்கவேண்டாம். மச்சானுக்கு ஸலாம் சொல்லு.

ஸெய்னுலாப்தீன்


திகன
21.6.1931

நானாவுக்கு ரபீகா எழுதுவது. உங்கள் மீதும் ஸலாம். பிள்ளைக்கு நிஸ்தார் என்று பெயர் வைத்தோம். நன்றாகப் பால் குடிக்கிறான்.

அவருக்குக் கடிதம் வந்தது. வேலையிலிருந்து நீக்கவில்லை. காயத்தால் ஓய்வு என்று போட்டு பென்சன் கொடுக்கிறார்கள். கறுப்பையாவின் பேரிலிருந்த வழக்கையும் எடுத்துவிட்டார்கள். ஜூன் மூன்றாம் தேதி வெளியே விட்டதும் வீரம்மாவோடு இங்கே வந்தார். வேலிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. உங்கள் மச்சான் எழும்பிப் போய், "உள்ளுக்கு வாங்க, வெயில்ல நிண்டு என்னத்துக்கு" என்றார். இருவரும் அரை மணி நேரம் இருந்தார்கள். பேசியது குறைவு. தோட்டத்தில் திரும்ப வேலை கிடைக்குமா என்று இவர் கேட்டார். கிடைக்காது என்று அவர் சொன்னார்.

உங்களைத் தரம் இறக்கி வடக்கே ஒரு சின்ன மறியலுக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விசாரணையில் நீங்கள் செய்ததால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அது எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கேட்கவேண்டும். தொகையைக் குறைத்தது துரைக்குப் பயந்து. எனக்கு எழுதிய கடிதங்களில் குறைத்தீர்களே, அது யாருக்குப் பயந்து? முகத்தில் ஒரு காயம் என்று எழுதினீர்கள். ஒரு கண் என்று எழுத அதைவிட மை அதிகம் செலவாகாது. பன்விலயிலிருந்து வெறுங்காலோடு நடந்துவந்த பெண் சொல்லி நான் அறிய வேண்டியிருந்தது. அவள் கேட்ட கேள்வி, "ஒங்களுக்குத் தெரியாதுங்களா", இன்னும் காதில் இருக்கிறது.

அவர் உங்களை வரச்சொல்கிறார். அவர் மனதில் ஒன்றுமில்லை. நான் இன்னும் வரச்சொல்லவில்லை. அவர் சொல் போதுமென்றால் வாருங்கள். என் சொல்லும் வேண்டுமென்றால் பொறுங்கள். எவ்வளவு காலம் என்று எனக்கே தெரியாது.

ரபீகா


வவுனியா
10.1.1932

அன்புள்ள தங்கச்சிக்கு நானாவின் ஸலாம். நாளைக்கு நோன்பு ஆரம்பம் என்று இங்கே சொல்கிறார்கள்.

சுகத்தை முதலில் எழுதுகிறேன். நவம்பரில் எனக்குக் குளிர்காய்ச்சல். பதினாறு நாள் ஆசுபத்திரியில் இருந்தேன். இரண்டு நாள் நினைவில்லை. இப்போது நடக்கிறேன், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சம்பளம் முன்பிருந்ததில் முக்கால் பங்கு. இருபத்திரண்டு கைதிகளுக்கு நான் ஒரே கிளாக்கர். மாலையில் செய்ய ஒன்றுமில்லை. இவற்றில் எதையும் நான் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை.

செப்டம்பரில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விசாரணைக்கு வந்த இருவரில் ஒருவர் எழுதியிருந்தார். கலுகல்லைக்கு அடுத்த மார்ச்சின் தொகை என்ன, எத்தனை காவலர் வேண்டும் என்று என்னிடமே கேட்டிருந்தார். பத்து வருடத்தையும் வைத்து, ஒன்றையும் விடாமல் பார்த்தேன். நானூற்றிருபது வந்தது. அப்படியே எழுதி அனுப்பினேன். பதினாலு காவலர் போட்டார்கள்.

இந்த வாரம் அங்கிருந்து செய்தி வந்தது. மார்ச்சை நோக்கித் தொகை ஏறவேண்டிய இந்த நேரத்தில் கலுகல்லையில் நூற்றுத் தொண்ணூறு பேர்தான். வேலை இழந்த தோட்டத்து ஆட்களை அரசாங்கச் செலவில் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புகிறார்கள். பத்து வருடத்து இடாப்பில் அப்படி ஒன்று நடந்ததில்லை, ஆகவே என் அட்டவணையில் அது இல்லை. இந்த முறை கொழும்பில் உண்மையாகவே சிரித்தார்களாம். காவலர் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், கேட்ட எல்லோருக்கும் லீவு கிடைக்கிறது என்று அங்குள்ள கிளாக்கர் கேலியாக எழுதியிருக்கிறார்.

நீ கேட்ட கேள்விக்கு ஆறு மாதம் யோசித்தேன். உனக்குத்தான் பயந்தேன். வேறு பதில் இல்லை.

மச்சான் இரண்டு தடவை எழுதி வரச்சொன்னார். நான் வரவில்லை. பொறுக்கச் சொன்னாய், பொறுக்கிறேன். பிள்ளைகளுக்கு என் துஆ.

நானா
ஸெய்னுலாப்தீன்


திகன
14.2.1932

நானாவுக்கு உங்கள் தங்கச்சி ரபீகாவின் ஸலாம். பெருநாள் நல்லபடி முடிந்தது. எல்லோரும் சுகம். குளிர்காய்ச்சல் வந்த உடம்பு, வெறும் வயிற்றில் இராதீர்கள்.

போன வாரம் வீரம்மாவும் கறுப்பையாவும் பிள்ளைகளோடு வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். கப்பலில் மண்டபம் முகாமுக்குப் போய் அங்கிருந்து ஊருக்காம். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். "யாரு இருக்காங்கன்னு போய்ப் பாத்தாத்தாங்க தெரியும்" என்றாள். நான் கொடுத்த சேலையை வாங்கிக்கொண்டாள். உங்கள் அட்டவணையில் இல்லாமல் போனவர்களில் அவர்களும் சேர்த்தி.

உங்கள் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். காவலர் சும்மா இருக்கிறார்கள் என்ற இடத்தில் நிறுத்தி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். "சும்மா ஈக்கிற காவலரக் காண எனக்கு ஆசையா ஈக்கு" என்றார். பிறகு, "இந்தத் தடவ கணக்குப் பிழச்சது நல்லம்" என்றார்.

இம்மாதம் இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை வாருங்கள். இதை நான் சொல்லுகிறேன். ஜும்ஆவுக்கு முன் வந்துசேர்ந்தால் அவரோடு பள்ளிக்குப் போகலாம். நிஸ்தார் கதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். புது ஆளைக் கண்டால் அழுவான், அதைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

அவர் பகலில் வாசலில்தான் இருப்பார். இடது பக்கமாக வந்தால் அவருக்குத் தெரியாது, திடுக்கிடுவார். வலது பக்கமாக வந்து ஸலாம் சொல்லுங்கள்.

ரபீகா